பழைய ஃபைபர் படகும் அதற்கு ஒரு டிரெய்லரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னாகரத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. நானும் மச்சானும் சேர்ந்து கடலோரத்திலிருந்து 14 அடி ஃபைபர் படகு ஒன்றை ஓட்டை உடைசலாக வாங்கி வந்தோம். கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் எட்டு மாதம் வேலை பார்த்து, டிரெய்லரையும் தயார் செய்து, மேட்டூர் அணைத் தண்ணீர் ஓரத்தில் இருக்கும் நாகமரையில் இறக்கினோம். அன்றிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் வேலை நடக்கும் வரிசையில் எழுதி வைக்கிறேன். நான் படகு கட்டும் ஆசாரி இல்லை. செய்து, கெடுத்து, மறுபடி செய்தவன்.

பரிசல் இருக்கிற ஊரில் படகு எதற்கு?

ஒகேனக்கல் அருவிப் பக்கம், பாறைக்கு நடுவே ஓடும் தண்ணீருக்குப் பரிசல்தான் சரி. மூங்கில் வளைந்து கொடுக்கும், பாறையில் இடித்தால் சுற்றித் தப்பித்துக்கொள்ளும், ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அடியில் முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். கிழிந்தால் சாயங்காலத்துக்குள் ஒட்டிவிடலாம். அந்த இடத்தில் ஃபைபர் படகை இறக்க நினைப்பவர்கள் தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஆனால் கீழே நாகமரை, ஒட்டனூர் பக்கம் கதை வேறு. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்ததிலிருந்து அங்கே ஆறு ஏரியாகிவிட்டது. ஆடிக் காற்று அடித்தால் அக்கரைக்குப் போவதற்குள் தோள் கழன்றுவிடும். அங்கேயும் பரிசலில் போய் வலை விடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒற்றைத் துடுப்பில் பரிசலை நேராக ஓட்டுகிற கை அவர்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அதனால்தான் படகு.

பழைய படகு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த பெயிண்ட் எல்லாப் படகிலும் இருக்கும்.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, அடிப்பாகம் முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) பிரிந்து விலகியிருந்தால் பழம் புளியம்பழ ஓட்டைத் தட்டியது போல 'டொப்' என்று சத்தம் செத்துப்போகும். அந்த இடத்தைச் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். கடைசியில் வட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

அடுத்து பின்பலகை. இன்ஜின் மாட்டுகிற பின்பக்கத் தட்டுக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். வெளியே ஃபைபர் பளபளக்கும், உள்ளே மரம் மக்கிப்போயிருக்கும். போல்ட் ஓட்டை ஒன்றுக்குள் மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டுச் சுரண்டுங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் பிழைத்தீர்கள். காப்பித்தூள் கசடு மாதிரி ஈரமாகக் கறுப்பாக வந்தால் பின்பலகை முழுவதும் மாற்ற வேண்டும். எங்களுக்கு வந்தது கசடுதான். தெரிந்தேதான் வாங்கினோம், அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம்.

மூன்றாவது, எடை. ஃபைபருக்கு இடையில் தண்ணீர் குடித்த படகு சாதாரண எடையைவிடக் கூடுதலாக இருக்கும். நாங்கள் ஊருக்கு வந்தபிறகு, புளி லாரி ஏற்றுகிற எடை மேடையில் வைத்துப் பார்த்தோம். கொட்டகையில் இரண்டு மாதம் கவிழ்த்துப் போட்டுக் காயவிட்ட பிறகு மறுபடி வைத்தபோது 30 கிலோ குறைந்திருந்தது. அவ்வளவும் தண்ணீர்.

விற்றவர் 'அணியம் நல்லா இருக்கு, கடையால்தான் கொஞ்சம் போயிருக்கு, ஏராவைப் பாத்துக்குங்க' என்றார். மச்சான் என் முகத்தைப் பார்த்தான். அணியம் முன்பக்கம், கடையால் பின்பக்கம், ஏரா அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு. நம் ஊர்க்காரர்கள் கடற்கரைக்கு வாங்கப் போகும்போது இந்த மூன்று வார்த்தை தெரிந்தால் போதும், பாதிப் பேச்சு புரிந்துவிடும்.

கடலில் ஓடின படகு நம் தண்ணீருக்கு ஒத்துவருமா?

வரும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரின் அடர்த்தி சுமார் 2.5 சதவீதம் குறைவு. அதே சுமையோடு படகு இங்கே கொஞ்சம் கூடுதலாக அமிழும், அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 'கடலைவிட நல்ல தண்ணி படகுக்கு நல்லது' என்று இரும்பை வைத்துச் சொல்கிறார்கள். இரும்புக்கு அது சரி. ஃபைபருக்கு நேர்மாறு. மேல் பூச்சு வழியாக ஊறிப்போகும் தண்ணீர் உள்ளே கொப்புளம் கட்டுவது கடலைவிட நல்ல தண்ணீரில்தான் சீக்கிரம் நடக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் படகை மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிப்போடாமல் கரையேற்றிக் காயவிடுங்கள். டிரெய்லர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு முதல் காரணமே இதுதான்.

பின்பலகையை எப்படி மாற்றினீர்கள்?

இந்த ஒரு வேலைக்கே இரண்டு மாதம் ஆனது.

உள்பக்க ஃபைபரைக் கிரைண்டரில் ஓரமாக வெட்டி எடுத்தோம். வெளிப்பக்கத் தோலை அப்படியே விட்டோம். உள்ளே இருந்த மரத்தை உளி வைத்து எடுக்கத் தேவையே இல்லை, கையால் அள்ளினோம். அப்புறம் காயவைத்தல். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளுக்கு உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

புதுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். ஐஎஸ் 303 என்று போட்டிருப்பது அலமாரிக்கு ஆகும், இதற்கு ஆகாது. கடைக்காரர் 'அதுவும் வாட்டர்ப்ரூஃப்தாண்ணா' என்பார். சிரித்துவிட்டு 710-ஐக் கேளுங்கள். 18 மில்லிமீட்டர் தாள் இரண்டை ரெசினால் (மேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) ஒட்டி 36 மில்லி ஆக்கினோம். ஒட்டுவதற்கு முன்பே பலகையின் விளிம்பு முழுவதும் ரெசின் குடிக்கக் கொடுத்தோம். தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான்.

பலகை உட்கார்ந்தபின், அது படகின் அடியோடு சேரும் மூலையை அப்படியே விடக்கூடாது. மேட் செங்கோணத்தில் மடியாது, உள்ளே காற்றுப் பை விழும். ரெசினில் பொடி கலந்து களி மாதிரிக் கிண்டி, மூலை நெடுக வைத்து, குழம்புக் கரண்டியின் முதுகால் இழுத்தோம். மூலை அழகாக வளைந்து கிடைத்தது. வீட்டில் அந்தக் கரண்டியைத் திருப்பிக் கேட்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை.

கடைசியாக போல்ட் ஓட்டைகள். தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, அதை ரெசின் களியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இப்படிச் செய்தால் போல்ட் மரத்தையே தொடாது. பழைய பலகை மக்கியதற்குக் காரணம் நாலே நாலு போல்ட் ஓட்டைதான். அந்த நாலு ஓட்டைக்காக நாங்கள் அள்ளின மரம் இரண்டு சாக்கு.

ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் எவ்வளவு கலப்பது?

பாலியஸ்டர் ரெசின் என்றால் எடையில் 1 முதல் 2 சதவீதம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கண்ணளவு வேண்டாம், நகைக்கடைத் தராசு போலச் சின்ன மின்னணுத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் தர்மபுரியில் மதியம் 1 சதவீதம் போட்டாலே பத்து நிமிடத்தில் மக்கில் கட்டியாகிவிடும். மார்கழிக் காலையில் ஓசூரில் 2 சதவீதம் போட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் காலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் வேலையை முடித்தோம். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்கவில்லை. மக்கில் மிச்சம் வைத்தால் அது தானே சூடேறிப் புகையும். பிளாஸ்டிக் மக் உருகி வழிந்ததை ஒருமுறை பார்த்தோம். மிச்சத்தை அகலமான தகரத்தில் ஊற்றிவிடுங்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை. கடையில் ரெசின், ஹார்டனர், ஆக்ஸிலரேட்டர் என்று மூன்று தருவார்கள். ஆக்ஸிலரேட்டர் என்பது ஊதா நிறக் கோபால்ட். ஹார்டனரையும் கோபால்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும், தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்து, அதற்குப் பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் அளக்க ஒரே மூடியைப் பயன்படுத்துவதுகூட ஆபத்து. கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எபாக்ஸி ரெசின் நல்லதா, பாலியஸ்டர் ரெசின் நல்லதா?

ஒட்டுகிற பலம் எபாக்ஸிக்குத்தான் அதிகம், விலையும் அதிகம். பழைய பாலியஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும். எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே எங்காவது எபாக்ஸி போட்டால் அதற்கு மேல் வருவதும் எபாக்ஸியாகவே இருக்கட்டும். நாங்கள் அடிப்பாகத்து ஓட்டைகளுக்கு மட்டும் எபாக்ஸி, மற்றதெல்லாம் பாலியஸ்டர்.

விரிசலுக்கு மேலே மேட் ஒட்டினால் போதாதா?

போதாது. சுற்றிலும் சரிவாக இழைக்க வேண்டும். 5 மில்லி கனமுள்ள இடத்தில் ஓட்டை என்றால், ஓட்டையைச் சுற்றி 60 மில்லி அகலத்துக்குச் சரிவு, அதாவது கனத்தைப் போல 12 மடங்கு. அந்தச் சரிவில் சின்னது, பெரியது என்று மேட்டை அடுக்கி ஏற்ற வேண்டும். தட்டையாக ஒட்டினால் பைசைக்கிள் டியூப் பஞ்சர் மாதிரி ஓரத்தில் பிரியும்.

இழைக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோளத்தட்டு அறுத்தால் உடம்பில் ஏறுகிற சுணை இருக்கிறதே, அதைப்போல பத்து மடங்கு. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப், நல்ல மாஸ்க். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு இன்னும் ஏறும்.

மூழ்காமல் இருக்க உள்ளே தெர்மாகோல் அடைக்கலாமா?

இது என் சொந்த முட்டாள்தனம். முன்பக்க அறையில் தெர்மாகோலை அழகாக வெட்டி அடைத்து, அதன் மேலே மேட் போட்டு ரெசின் ஊற்றினேன். கால்மணி நேரத்தில் மேட் உள்ளே இறங்க ஆரம்பித்தது. பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைச் சர்க்கரை மாதிரிக் கரைத்துவிடும். பெட்ரோல் பட்டாலும் அதே கதி. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, 'மாமா, தோசைக்கு மாவு பத்தலைன்னு நினைக்கிறேன்' என்றான். இரண்டு நாள் கிரைண்டர் வேலை தண்டம்.

பாலியூரித்தேன் நுரை அட்டையை வைத்து மறுபடி செய்தோம். மூடி இறுக்கமான காலி பிளாஸ்டிக் கேன்களை உட்காரும் பலகைகளுக்கு அடியில் கட்டி வைப்பதும் நல்ல வழிதான், எந்த நேரமும் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயிண்ட்?

வெளிர் நிறம் எதுவானாலும் சரி, வெயிலில் உள்ளே உட்கார முடியும். மேல் விளிம்பில் ஒரு போல்ட் தலைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நரம்பு வலை அதில்தான் போய் மாட்டும். பழைய நைலான் சாக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டி விளிம்பைச் சுற்றித் தடவிக்கொண்டே வாருங்கள். சாக்ஸ் இழுக்கிற இடமெல்லாம் வலையும் இழுக்கும்.

இன்ஜின் என்ன போட்டீர்கள்?

பழைய 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. முதல் மூன்று மாதம் துடுப்பில்தான் போனோம், அதுவும் நன்றாகவே இருந்தது. பழைய இன்ஜின் வாங்கினால் அடியில் உள்ள கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. குளிர்விக்கிற தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஆயில் கலவை 50-க்கு 1, ஒரு லிட்டருக்கு 20 மில்லி. ஆனாலும் உங்கள் இன்ஜின் புத்தகத்தில் சொன்ன கணக்கையே பின்பற்றுங்கள்.

இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நாங்கள் வேலை முடிந்ததும் மிச்சத்தை வடித்துக்கொள்கிறோம்.

டிரெய்லரைப் பட்டறையில் நாமே அடித்துக்கொள்ளலாமா?

பட்டறை அண்ணன் ஒரு வாரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார், அது பெரிய காரியமில்லை. பேப்பர்தான் காரியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு வேண்டும், எண் பலகை வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ஆகையால் இரும்பு வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். நாங்கள் டிரெய்லர் செய்கிற ஒருவரிடம் முறையான பேப்பரோடு வெறும் சட்டமாக வாங்கினோம். படகு உட்காருகிற தொட்டிலை மட்டும் தனியாகச் செய்து, சட்டத்தில் துளை போடாமல் யூ போல்ட் வைத்து இறுக்கினோம்.

பேப்பர் வேலையே வேண்டாம் என்றால் படகை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஏற்ற இறக்க ஆறு பேர் வேண்டும், எங்களுக்கு எப்போதும் கிடைப்பது மூன்று பேர்.

படகு டிரெய்லரில் எந்த இடத்தில் உட்கார வேண்டும்?

எல்லாரும் இந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்கிறார்கள். படகு அடிபடுவது பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, ரோட்டில்தான். எங்கள் பின்பலகையில் விழுந்த ஒரே புது விரிசலும் பென்னாகரம் - ஏரியூர் ரோட்டில் ஒரு வேகத்தடை தந்தது.

இரண்டு விஷயம். முதலாவது, பாரம். படகு, இன்ஜின், டேங்க் எல்லாம் ஏற்றியபின் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் முன்னால், வண்டியின் ஊக்கில் இருக்க வேண்டும். எங்களுடையது மொத்தம் 380 கிலோ. ஊக்கில் 32 கிலோ. அளப்பதற்கு எளிய வழி: வீட்டில் நாம் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷினை ஒரு செங்கல் அடுக்கின் மேல் வைத்து, டிரெய்லரின் மூக்கை வழக்கமான உயரத்தில் அதன் மேல் இறக்குங்கள்.

மூக்குப் பாரம் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். இறக்கத்தில் அதைப் பார்க்க வேண்டும். சேலத்துக்கு ஒரு வேலையாகப் படகோடு போனோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்கு முன்னால், ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடமும் வலமும் இழுப்பது போல ஆரம்பித்தது. அன்று ஐஸ் பெட்டியையும் இன்ஜினையும் சோம்பேறித்தனமாகப் பின்னால் வைத்திருந்தோம். மச்சான் நல்லவேளை பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கையும் திருப்பவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு நேராகப் பிடித்துக்கொண்டான். தானே அடங்கியது. கீழே வந்து டீ குடிக்கும்போது கிளாஸ் கையில் நிற்கவில்லை. அடுத்த நாள், படகை இழுத்துப் பிடிக்கும் முன்பக்க வின்ச் கம்பத்தை ஒன்றேகால் அடி முன்னால் நகர்த்தினோம். கம்பம் நகர்ந்தால் படகும் அதோடு நகரும், ஆக்ஸிலைத் தொட வேண்டியதில்லை. ஐஸ் பெட்டி இப்போது ஜீப்பில் வருகிறது.

இரண்டாவது, தொட்டில். அடியில் இரண்டு நீளக் கட்டை, மேலே தரைவிரிப்புத் துண்டு போர்த்தியது. உருளை வைத்தால் ஏற்றுவது சுலபம், ஆனால் பாரம் முழுவதும் நாலு புள்ளியில் நிற்கும்; மெல்லிய ஃபைபருக்கு நீளக் கட்டைதான் நல்லது. கட்டையின் பின்முனை பின்பலகைக்கு நேர் கீழே வரை வர வேண்டும். அரை அடி முன்னாலேயே நின்றுவிட்டால் இன்ஜின் பாரத்தில் அடிப்பாகம் நாளடைவில் வளைந்துவிடும். கட்டையைப் பிடிக்கும் போல்ட் தலைகள் மரத்துக்குள் புதைந்திருக்கட்டும்.

சக்கரமும் பேரிங்கும்?

ஆட்டோ சக்கரம் வேண்டாம். சின்ன யானை வண்டிக்குப் போடும் 12 அங்குலச் சக்கரம் போட்டோம், எந்த ஊர் பஞ்சர் கடையிலும் டயர் கிடைக்கும்.

பேரிங்தான் இந்த வண்டியின் சீக்காளி. சாதாரண டிரெய்லர் சக்கரம் தண்ணீரில் இறங்காது, படகு டிரெய்லர் இறங்கும். ஓடி வந்த சூட்டோடு ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் மோர் மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு ஏரியூர் தாண்டி இடது சக்கரம் கீச்சிட ஆரம்பித்து, இறங்கிக் கையை வைத்தால் ஹப் சுடுகிறது. பேரிங் உள்ளே நீலம் பாரித்துக் கிடந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு டிராக்டர்காரரின் தயவில் ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போது கரைக்குப் போனதும் முதலில் டீ, அரட்டை, வலை சரிபார்ப்பு. இருபது நிமிடம் கழித்து ஹப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறோம். அதோடு, முடிந்தவரை ஹப் நனையாத ஆழத்திலேயே நிறுத்திப் படகைத் தள்ளிவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிப் புது கிரீஸ். ஒரு ஜோடி பேரிங், ஒரு கிரீஸ் டப்பா, பெரிய ஸ்பானர் ஜீப்பிலேயே இருக்கின்றன.

லைட், சங்கிலி, கட்டும் பெல்ட்?

லைட் எல்இடி. தண்ணீரில் இறக்குவதற்கு முன் வயர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். எர்த் வயரைச் சட்டத்தோடு விட்டுவிடாமல் தனி வயராக இழுங்கள்; துரு ஏறினால் முதலில் போவது அதுதான். ஊக்கு கழன்றாலும் டிரெய்லர் ஓடிப்போகாமல் இருக்க இரண்டு சங்கிலி, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே. மூக்கு கீழே விழுந்தாலும் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கிக்கொள்ளும். பின்பக்கம் இரண்டு ராட்செட் பெல்ட், படகு விளிம்பில் படும் இடத்தில் பழைய டியூப் துண்டு. வின்ச் கயிறை மட்டும் நம்பி ரோட்டில் ஏறாதீர்கள். படகு வெயிலில் நிற்கும்போது வடிகால் அடைப்பானைத் திறந்து வைத்து, சாவிக் கொத்தோடு கட்டிக்கொள்ளுங்கள். இறக்கும் முன் அதை மறந்தவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

எங்கே, எப்படி இறக்குவது?

நம் பக்கம் சிமெண்ட் சாய்தளம் கட்டி வைத்த இடம் என்று நம்பிப் போக முடியாது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பி நிற்கும்போது நாகமரையில் ஊர் ஓரத்திலேயே இறக்கலாம். கோடையில் அதே தண்ணீர் எங்கோ தள்ளிப் போய்விடும், நடுவில் வெடித்த சேறு. மேலே காய்ந்து கல் மாதிரித் தெரியும், சக்கரம் ஏறினால் அச்சு வரை உள்ளே போகும். முதலில் ஆள் நடந்து பார்க்க வேண்டும். குதிகால் பதிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நீளக் கயிறு கட்டி டிரெய்லரை மட்டும் இறக்குங்கள். சக்கரத்துக்குக் கீழே போட நாங்கள் இரண்டு மூங்கில் தட்டி வைத்திருக்கிறோம்.

தண்ணீர் இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே வரும், கூட்டம் பார்க்கப் போகும். அவை வெளியே தெரியாத, ஆனால் ஆழமும் இல்லாத நாட்களில்தான் இன்ஜினுக்கு ஆபத்து. உள்ளே பழைய ஊரின் சுவர்களும் மரக்கட்டைகளும் இருக்கின்றன. அங்கே வலை விடும் பெரியவர்களைக் கேட்காமல் இன்ஜினை முறுக்காதீர்கள். ஆடி, ஆவணியில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தி வர ஆரம்பித்தால் படகைக் கரையில் கட்டிப்போட்டுத் தூங்காதீர்கள், மேட்டுக்கு இழுத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி அணையில் இறக்குகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் படகை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதே தென்பெண்ணைத் தண்ணீர்தான் கீழே வருகிறது.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். அணைகளில் மீன் பிடிக்க மீன்வளத் துறை வழியாக உரிமம், அணை நீர்வளத் துறையுடையது. இன்ஜின் வைத்த படகுக்கு 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் பொருந்தும், பதிவு கேட்பார்கள். படகு வாங்கும் முன்னாலேயே அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எங்கள் படகில் யாரும் ஏற முடியாது, அது என் மனைவி போட்ட சட்டம். தோட்டா போட்டு மீன் பிடிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். 1897-லேயே அதைத் தடுத்துச் சட்டம் போட்டுவிட்டார்கள், தம்பி.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

ரெசின் விலையும் இரும்பு விலையும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, தொகை சொன்னால் அடுத்த மாதம் என்னைத் திட்டுவீர்கள். கணக்கு இப்படி: படகு வாங்கினது ஒரு பங்கு என்றால், அதைச் சரிசெய்தது ஒரு பங்கு, டிரெய்லரும் பேப்பரும் இரண்டு பங்கு. இன்ஜின் தனி.

இன்னும் பாக்கி வேலை உண்டா?

இடது இண்டிகேட்டர் மழை பெய்தால் எரிவதில்லை. வின்ச் கைப்பிடி வளைந்திருக்கிறது. பின்பலகையில் அந்த வேகத்தடை விரிசலுக்குச் சரிவு இழைத்து வைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேட் போட வேண்டும். மச்சான் வருகிறேன் என்றிருக்கிறான்.